டிவி டான்ஸ் போட்டிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. டிவியில் டான்ஸ் போட்டிகளைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் ஆடும் குத்துப்பாட்டுக்கெல்லாம் அப்படியே ஆடுகிறாள். இந்த நிகழ்ச்சிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா?

பதில்: திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை இடுப்பை ஆட்டினாலும் முதல் திட்டு டான்ஸ் மாஸ்டருக்குத்தான். டிவிக்கு இரண்டாவது இடம்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஏதோ ஒரு விசேஷத்தில் "பாப்பா, ஒரு டான்ஸ் ஆடிக் காட்டு" என்று யாரோ கேட்டிருப்பார்கள். அவளும் ஆடியிருப்பாள். மாமாக்கள் விசிலடித்திருப்பார்கள், சித்தி போனில் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருப்பார். பெரியம்மா ஒருவர் மட்டும் "பொம்பளப் பிள்ளைய இப்படியா வளக்குறது" என்று முகத்தைச் சுளித்திருப்பார். அந்த வார்த்தைதான் உங்களை இங்கே எழுத வைத்திருக்கும். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள், நான் பார்க்கும் முக்கால்வாசி வீடுகளில் கதை இதுதான்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அசைவின் அர்த்தம் தெரியாது. எந்த இடத்தில் கைதட்டல் விழுந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அடுத்த முறை அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஆடும். அதைச் சொல்லிக்கொடுத்தது டிவியா, விசிலடித்த மாமாவா என்று கேட்டால் நான் மாமாவைத்தான் கைகாட்டுவேன்.

டிவியிடமிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. அதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ரிகர்சல். ஸ்பீக்கர் ஒயர் தகராறு செய்ததால் கொஞ்சம் தாமதமாகப் போனேன். உள்ளே பிள்ளைகள் அவர்களாகவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு மூன்று பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தனியாக ஆடினாள். ஆடி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மூச்சு வாங்கியபடி நின்றாள். நடுவில் இருந்த பொடியன் தாடையைத் தடவிக்கொண்டே, "எனர்ஜி சூப்பர். ஆனா கெமிஸ்ட்ரி பத்தல" என்றான். தனியாக ஆடிய பிள்ளைக்கு யாரோடு கெமிஸ்ட்ரி? ஓரத்தில் ஒருவன் வாயாலேயே திக்திக் மியூசிக் போட்டான். "யூ ஆர் எலிமினேட்டட்." அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாலு பேர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்கள். அப்புறம் பெஞ்சில் இருந்தவன் சொன்னான்: "அழுகை சரியா வரல, இன்னொரு தடவை."

அடுத்த ரவுண்டுக்கு ஆட ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் ஜட்ஜ் பெஞ்சில் உட்காரத்தான் ஆசை, அதற்கு ஒரே அடிதடி.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஸ்டெப் மறந்துபோன பிள்ளை பக்கத்தில் ஆடும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும். இப்போது அப்படியே நின்றுவிடுகிறது. என் முகத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு பிட் முடிந்ததும் "கமென்ட் சொல்லுங்க மாஸ்டர்" என்கிறார்கள். உயரமாக இருக்கிறாளே என்று ஒரு பிள்ளையைப் பின் வரிசைக்கு மாற்றினேன். அன்று சாயங்காலமே அவள் அம்மா போன் செய்து, "என்ன சார், எலிமினேட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2006-இல் விஜய் டிவியில் ஜோடி நம்பர் ஒன் வந்தது, அடுத்த வருடம் கலைஞர் டிவியில் மானாட மயிலாட. அவற்றில் ஆடியவர்கள் பெரியவர்கள். தோற்றால் அழுதார்கள், மறுவாரம் சீரியலில் நடித்தார்கள். அதே அச்சைச் சின்னப் பிள்ளைகளுக்கும் வார்த்தபோதுதான் விஷயம் மாறியது. 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: சினிமாவில் பெரியவர்கள் ஆடும் அசைவுகளைச் சின்னப் பிள்ளைகளை ஆடவைத்து ஆபாசமாகக் காட்டாதீர்கள் என்று. நல்லதுதான். ஆனால் தோற்ற பிள்ளையின் கண்ணீரை க்ளோசப்பில் பிடித்து, ஸ்லோ மோஷனில் ஓட்டி, விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை காட்டுகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

போன் கதை தனி. டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் முதலில் உத்தரவு போட்டது. அந்த மாதமே தடை விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு மொத்தமாகவே தடை செய்தது. அதனால் என்ன ஆனது? பிள்ளைகள் ரீல்ஸுக்கு மாறினார்கள். அதன் பலன் என் வகுப்பில் தெரிகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஹூக் ஸ்டெப், அதாவது ரீல்ஸில் எல்லோரும் ஆடும் அந்த ஒரே அசைவு, எல்லோருக்கும் அத்துப்படி, சரணம் வந்ததும் சிலை மாதிரி நிற்கிறார்கள். அந்தப் பாட்டுக்குச் சரணம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் யாராவது வந்து "நீயும் அந்தப் பாட்டுக்குத்தானே சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறாய்" என்று கேட்பீர்கள். ஆமாம், வாங்குகிறேன். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பள்ளி நிர்வாகமும் பெற்றோரும். நான் ஸ்டெப்பை மாற்றிக்கொள்வேன். இடுப்பு அசைவு வரும் இடத்தில் குதியும் கைதட்டலும் போட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் இன்னும் பிடிக்கிறது. பரதநாட்டிய ஆசிரியர்களும் சண்டைக்கு வரவேண்டாம், உங்கள் அரங்கேற்றச் செலவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. டிவிக்கு நான் எதிரியும் இல்லை. ஆண் பிள்ளை டான்ஸ் கற்றுக்கொண்டால் கேலி செய்த ஊர் இது. இப்போது அப்பாக்களே பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால் அது அந்த நிகழ்ச்சிகள் செய்த வேலை.

உண்மையிலேயே பிள்ளைகளை வதைப்பது எது தெரியுமா? ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள். மத்தியானம் மூன்று மணிக்கே மேக்கப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். விழா ஐந்து மணிக்கு. விருந்தினர் ஏழு மணிக்கு வருவார். பொன்னாடை, ஆண்டறிக்கை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், அப்புறம் அவர் படித்த காலத்து அரிக்கேன் விளக்கு. யூகேஜி பிள்ளைகள் மேடை ஏறும்போது ஒன்பதரை. லிப்ஸ்டிக்கை எல்லாம் நக்கித் தின்றிருக்கும், பாதி தூங்கியிருக்கும். உடையை ஊக்கு குத்தி இறுக்கியிருப்பதால் பாத்ரூமுக்கும் போக முடியாது. இதைப் பற்றி எந்த அமைச்சகமும் அறிவுரை அனுப்பக் காணோம். மாஸ்டருக்குத் தர வேண்டிய மீதிப் பணத்துக்கு "அடுத்த வாரம் வாங்க சார்" என்று சொல்வார்கள். எந்த அடுத்த வாரம் என்று சொல்லமாட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆட விடுங்கள். டிவியில் ஆட்டம் முடிந்து ஜட்ஜ் மைக்கை எடுக்கும்போது நீங்கள் ரிமோட்டை எடுங்கள். அவள் வீட்டில் ஆடினால் மார்க் போடாதீர்கள், முடிந்தால் கூடவே ஆடுங்கள். விசேஷ வீட்டில் மாமாக்களின் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

என்றாவது ஒரு சேனலிலிருந்து ஆடிஷன் அழைப்பு வந்தால் ஆசையில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நிகழ்ச்சிகளில் பயன்படுத்த 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் இருக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், அனுமதி வேண்டும். பிள்ளைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக மேடை ஏற்றவும் கூடாது. அழைக்கிற கோ-ஆர்டினேட்டரிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.