கை போனதோடு காப்பீடும் போய்விடுமா?

கே: காரைக்குடி பக்கம் ஒரு மில்லில் 14 வருட வேலை. எந்திரத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போயிற்று. 51 வயதில் வேலையும் போயிற்று. 19,000 ரூபாய்க்கு மெடிக்ளெயிம் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். கை விஷயத்தைப் படிவத்தில் எழுத வேண்டாமாம். எடுக்கலாமா? (தேவகோட்டை)

ப: வேண்டாம் அண்ணே. மறைத்து வாங்கிய பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு கைவிரிக்கும்.

முதலில் பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள். ‘இ.எஸ்.ஐ. பிடித்தம்’ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிப்பது) என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், வேலையில் பட்ட காயத்தால் நிரந்தரமாக இயலாமல் போனவருக்கும் மனைவிக்கும், அவர் ஓய்வு பெற வேண்டிய வயது வரை இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். கட்டணம் மாதம் 10 ரூபாய், வருடத்துக்கு 120. அதை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். வேலையை விட்டதற்கும் இயலாமைக்கும் சான்று கேட்பார்கள். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு கணித்து, அதற்கேற்ப மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அது வருகிறதா என்றும் கேளுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று. கணக்குத் தீர்க்கிற அன்றைக்கு நாலு தாளில் கையெழுத்து வாங்குகிற மில் ஆபீஸ்களுக்கு, இந்த 120 ரூபாய் விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. விரலைக் கொடுத்தவன் 19,000 ரூபாய்க்கு அலைகிறான். இது அநியாயம்.

கே: அரசு அலுவலகத்தில் எழுத்தர். பார்வை மங்கிவிட்டது. விருப்ப ஓய்வு எழுதித் தரச் சொல்கிறார் அதிகாரி. (திருப்பத்தூர்)

ப: எழுதித் தராதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20-ஐக் காட்டுங்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வெளியேற்றக் கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது.

கே: முதுகுத்தண்டில் அடிபட்டு வேலையை விட்ட தம்பிக்கு ‘முதல்வர் காப்பீட்டு அட்டை’ வாங்கித் தருவதாகப் போனில் ஒருவர் சொன்னார். நேற்று 4,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது எடுக்கவே மாட்டேன் என்கிறார். (கானாடுகாத்தான்)

ப: ஆச்சி, பெயரும் தெரியாது, ரசீதும் இல்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூடப் புரட்டிப் பார்ப்பீர்களே! அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றோடு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை.

நானும் அம்மாவுக்காக 3,500 ரூபாய்க்கு ஒரு ‘ஹெல்த் கார்டு’ வாங்கினேன். மதுரையில் ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஸ்கேனுக்குத் தள்ளுபடி கார்டு சார், காப்பீடு இல்லை” என்றார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அம்மா. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணத்தை அவர்கள் வெளியே எடுக்குமுன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.