எறும்பைப் படிக்க விரும்பும் மகளும் ஈடு வைக்கப்படவிருக்கும் தோப்பும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறார். உங்கள் தம்பி லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார். செலவு 25 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அதற்காக நத்தம் பக்கத்து மாந்தோப்பை ஈடு வைக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மகளோ, அந்நிய எறும்புகள் பரவிய நிலத்தில் மண்ணுக்கு என்ன நேர்கிறது என்று ஆய்வு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் கவலை புரிகிறது. மூன்று ஆண்டுகள் படிக்கவைத்த பிள்ளை மண்ணைக் கிண்டப்போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. ஆனால் அவருடைய மனத்தை மாற்ற என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் உதவப்போவதில்லை. மாற வேண்டியது கடன் வாங்கும் முடிவு என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 25 லட்சத்துக்கு ஆண்டுக்கு 11 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வட்டி மட்டும் 2,75,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 23,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். ஓராண்டுப் படிப்பில் பாடங்களும் தேர்வுகளும் போக, சொந்தமாக ஆய்வு செய்யக் கிடைப்பது சில மாதங்களே. அந்தப் பட்டத்தோடு அங்கேயே நிலைக்க வேண்டுமானால் விசாவுக்குத் தகுந்த வேலை வேண்டும். திரும்பி வந்தால் இங்கு ஏற்கெனவே நிரம்பி வழியும் பயோடெக்னாலஜி பட்டதாரிகளின் வரிசையில்தான் நிற்க வேண்டும். உங்கள் தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஈடு வைக்கப்படுவது அவருடைய தோப்பு அல்ல. மேலும், அந்தப் படிப்பை உங்கள் மகள் விரும்புவதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி, “எறும்பைப் படிப்பதும் ஒரு படிப்பா?” என்று உறவினர்கள் கேட்பதற்கு வருகிறேன். நத்தம் பகுதியில் வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே விந்தைதான். உங்களுக்கு அருகிலுள்ள கரந்தமலைக் காட்டின் அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் எறும்புகள் பெருகி, கால்நடைகள் மீதும் பயிர்கள் மீதும் மொய்த்து, மக்களைத் துன்புறுத்தியது 2022-ல் நாடறிந்த செய்தியாயிற்று. அறிவியலார் ‘எல்லோ கிரேஸி ஆன்ட்’ என்று அழைக்கும் அந்த எறும்பு, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. அதன் பூர்வீகம் எது என்பதே அறிவியலில் இன்னும் தீராத விவாதம். செடிகளின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் வெளியேற்றும் இனிப்பான கழிவுதான் அதன் முக்கிய உணவு. ஆகவே அந்தப் பூச்சிகளுக்கு அது காவல் நிற்கும், அவற்றால் அது பெருகும்.

இந்த எறும்பு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட கிறிஸ்துமஸ் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே காட்டுத் தரையில் விழும் இலைச்சருகையும் முளைக்கும் நாற்றுகளையும் தின்று தரையைத் துப்புரவாக வைத்திருந்தவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். 1990-களின் பிற்பகுதியில் எறும்புகள் பெருங்கூட்டங்களாகப் பரவியபோது, ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி நண்டுகள் வரை மடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நண்டுகள் போன இடங்களில் சருகு மண்டியது, நாற்றுகள் அடர்ந்தன, நண்டுகளால் அடக்கி வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க இராட்சத நத்தைகள் உள்ளே புகுந்தன. மேலே மரங்களில் செதில் பூச்சிகள் பெருகிக் கரும்பூசணம் படர்ந்தது. எறும்பைக் கொல்வதைவிட அதன் உணவை அறுப்பதே வழி என்று கண்டு, செதில் பூச்சியைத் தாக்கும் ஒரு சிறு குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016-ல் விட்டார்கள். சருகு, நத்தை, பூசணம், குளவி என்று இத்தனையும் ஒரே கதையின் கண்ணிகள் என்று தெரிந்தது, காட்டில் கட்டம் போட்டு ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த ஆய்வாளர்களால்தான்.

நம் ஊரில் செந்நண்டு கிடையாது. இங்கே சருகை மட்க வைப்பவை கறையானும் மரவட்டையும் மண்புழுவும், கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள மண் சிலந்திப்பேன்களும். மஞ்சள் எறும்பு பெருகிய இடத்தில் இவற்றில் எது குறைகிறது, சருகு மட்கும் வேகம் கூடுகிறதா குறைகிறதா, கூட்டைச் சுற்றிய மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் எப்படி மாறுகின்றன என்பதெல்லாம் உங்கள் மகள் கேட்கக்கூடிய கேள்விகள். அந்நியப் பூச்சி வந்தால் எல்லோரும் இலையைப் பார்க்கிறார்கள், விளைச்சலைப் பார்க்கிறார்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தபோதும் அப்படித்தான்; போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் விட்ட பிறகே அது அடங்கியது. தரைக்கு மேலே நடப்பதற்கு ஆய்வாளர்கள் பலர் இருக்கிறார்கள். தரைக்குக் கீழே நடப்பதற்குச் சிலரே.

இந்த ஆய்வு எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ‘ஆய்வு’ என்றதும் கோடி ரூபாய்க் கருவிகளை நினைத்து அஞ்சுவோர் பலர். எறும்பு உள்ள நிலம், இல்லாத நிலம், இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை என்று மூன்று வகை இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காயவைத்து எடை பார்த்த சருகை நைலான் வலைப் பைகளில் தைத்துத் தரையில் கிடத்த வேண்டும். பாதிப் பைகள் பெரிய கண்ணிகளோடும் பாதி நுண்ணிய கண்ணிகளோடும் இருந்தால், மரவட்டை போன்றவை தின்பது எவ்வளவு, நுண்ணுயிர்கள் மட்க வைப்பது எவ்வளவு என்று பிரித்தறியலாம். மாதாமாதம் சில பைகளை எடுத்து எடை இழப்பைக் குறித்துவர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுத்தால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. மண்ணிலுள்ள சிற்றுயிர்களைப் பிரிக்க ஒரு புனல், அதன்மேல் ஒரு மின்விளக்கு, கீழே ஆல்கஹால் ஊற்றிய குப்பி போதும். வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி அவை தாமே கீழிறங்கி விழும். மண்ணின் சத்துகளை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலேயே குறைந்த கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். எறும்பு பீய்ச்சும் அமிலம் கண்ணுக்குக் கேடு என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.

இதில் ஒரு பகுதியை இந்த ஆண்டே திட்டப்பணியாகச் செய்யும்படி மகளிடம் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி வேண்டும், அது இளநிலை மாணவிக்கு எளிதில் கிடைக்காது; பட்டா நிலத்தில் அந்தத் தடை இல்லை. ஈடு வைக்க நினைக்கும் உங்கள் மாந்தோப்பிலேயே எறும்பு ஏறியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். ஓர் ஆண்டு இந்த வேலையில் சலிப்பு வராவிட்டால், அவருடைய ஆர்வம் உண்மையானது என்று நீங்களும் நம்பலாம்.

படிப்புக்கு வருவோம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் சேர்க்கைக்கு முதுநிலை க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால், பூச்சியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட விலங்கியல் துறை உள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்று போதும். அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் நான் மேலே சொன்ன ஒரு மாத வட்டிக்கு வராது. எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே, ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டை உயிர் அறிவியல் பாடத்தில் எழுதலாம். 200 மதிப்பெண் தாளில் 100 மதிப்பெண் மூன்றாம் பகுதிக்கு. அங்கே 75 வினாக்களில் 25-க்கு விடையளித்தால் போதும். மூலக்கூறு உயிரியல் படித்தவர்களுக்கே அந்தத் தேர்வு என்று பலர் ஒதுங்குகிறார்கள். சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை, பல்லுயிர்ப் பிரிவுகளை ஆழமாகப் படித்தவருக்கு அந்தத் தெரிவுரிமையே பெரிய வாய்ப்பு. முதுநிலைப் படிப்புகளுக்கான தேசியத் தேர்வான கேட்டில் ‘சூழலியலும் பரிணாமமும்’ என்று தனித் தாளே உண்டு. இளநிலை மூன்றாமாண்டு மாணவர்களும் அதை எழுதலாம், ஆகவே பயிற்சியாக இப்போதே எழுதிப் பார்க்கட்டும்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் நடைமுறையிலுள்ள வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அந்த உதவித்தொகையோடு பெங்களூரிலுள்ள ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம், புதுவை, கோவை என்று எந்த ஆய்வு நிறுவனத்தின் கதவையும் தட்டலாம். எறும்பு, மண் இரண்டிலும் கட்டுரை வெளியிட்டிருக்கும் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தின் பெயரைவிட முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேட்டறிய வெட்கப்பட வேண்டியதில்லை. உதவித்தொகை இல்லாமல், கைக்காசு போட்டு முனைவர் பட்டம் செய்வதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மகளுக்கும் அதே பதில்தான்.

குறைகளையும் மறைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும். பட்டம் முடிந்ததும் வேலை காத்திருக்காது. கல்லூரி விரிவுரையாளர் பணி, வன ஆராய்ச்சி நிறுவனங்கள், துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் இயங்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள், உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டுத் துறை என்று இடங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் போட்டியும் தனித் தகுதி விதியும் உண்டு. கலியாணத்துக்கு இது தடையாகும் என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது ஆலோசகர் தீர்க்கும் கேள்வி அல்ல. உதவித்தொகை பெற்றுப் படிக்கும் பெண்ணைவிடக் கடனோடு திரும்பும் பெண்ணுக்கு வரன் பார்ப்பது எளிதா என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு காலக்கெடுவையும் வைத்துக்கொள்ளுங்கள், மகளுடன் பேசி, எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. இறுதியாண்டும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் நெட் தேர்வுக்கு. அதற்குள் ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் பி.எட்., அரசுத் தேர்வுகள், திட்ட உதவியாளர் பணி ஆகியவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அப்போது அவருக்கு வயது 24 இருக்கும், கையில் முதுநிலைப் பட்டம் இருக்கும், தோப்பின் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கும்.