துளியை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஐ.டி. வேலைக்குப் போக மாட்டேன், நுண்ணிய துளிகள் ஆவியாவதையும் உறைவதையும் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். "துளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சுருக்கமான பதில்: வெப்பத்தைச் சமாளிக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் கொடுப்பார்கள்.

ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 420 ஜூல் போதும். அதே ஒரு கிராம் முழுவதும் ஆவியாக இன்னும் 2,260 ஜூல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தையும் ஆவி சுமந்துகொண்டு போய்விடும். விலை கூடிய செல்போன்கள் பலவற்றில் சிப்பை ஒட்டி மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கும். அதற்குள் துளியளவு தண்ணீர். சூடான பக்கம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் நீராகி, நுண்துளைகள் வழியே தானாகத் திரும்பி வருகிறது. டேட்டா சென்டர்களுக்கும் மின்சாரக் கார் பேட்டரிகளுக்கும் இதே தலைவலிதான்.

அனல்மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சரைப் பாருங்கள். நீராவி, குளிர்ந்த குழாயின் மேல் நீர்ப் படலமாகப் படிந்தால் அந்தப் படலமே வெப்பத்தைத் தடுக்கும். துளித்துளியாகத் திரண்டு உருண்டு விழுந்தால் வெப்பம் பல மடங்கு வேகமாகக் கடக்கும். ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் 1930-லேயே இதைக் காட்டிவிட்டார். ஆனாலும் பெரிய நிலையங்களில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. துளியாகத் திரள வைக்கும் பூச்சு, நீராவியில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத கணக்கு. உங்கள் மகள் நுழைய இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

உறைதலிலும் அப்படித்தான். தூய நீரின் மிகச் சிறிய துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும். மேகத்தில் அப்படி மிதக்கும் துளிகள் விமான இறக்கையில் பட்டால் பனிக்கட்டியாகிவிடும். 1994-ல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே விமானம் விழுந்து 68 பேர் இறந்ததற்குக் காரணம் இப்படிப் படிந்த பனிதான்.

சரி, பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், அதற்குள் ஐ.டி. போன தோழி வீடே வாங்கியிருக்கலாம். அதை மறைக்க மாட்டேன். அவ்வளவு காலம் பயமாக இருந்தால் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். இருக்கிறது. உதவித்தொகை குறைவு, ஆனால் அதை முடித்துவிட்டு வேலைக்கும் போகலாம், மேலே பிஎச்.டி.க்கும் போகலாம். அதிவேகக் கேமரா, பட ஆய்வுக்குப் பைத்தான், கணினி உருவகப்படுத்தல் எல்லாம் கையில் வந்திருக்கும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ஸ்லோமோஷன் வீடியோவில் துளி குதிப்பதைப் பார்த்து மயங்கி வருகிற பிள்ளைகள் நிறைய. உண்மையான வேலை, கண்ணாடித் தகட்டைக் கழுவுவது. ஒரு விரல் ரேகை பட்டால் அன்றைய சோதனை போச்சு. அந்தச் சலிப்பு அவளுக்கு ஒத்துவருமா என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. நாட்டின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஒரு ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தபின் அவளிடம் பேசுங்கள்.

முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத்தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். எழுதிவைக்கச் சொல்லுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவிலும் உட்காரட்டும், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மட்டும் சேர வேண்டாம். வழிகாட்டப்போகும் பேராசிரியரின் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.