அப்பத்தா வீட்டில் கிடைத்த நகையும் வெள்ளிக்காசும்: விற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம். அப்பத்தா போன வருடம் இறந்துவிட்டார், உயில் இல்லை. தாத்தா 1988-லும் என் அப்பா 2019-லும் காலமாகிவிட்டார்கள். சித்தப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் அம்மா, நான், தங்கை. வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு காசுமாலையும் இரண்டு ஜோடித் தோடும், சேலை மடிப்பில் 46 பழைய 500 ரூபாய்த் தாள்களும் கிடைத்தன. அடுப்படிச் சுவரை இடித்த கொத்தனார் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே வெள்ளி ரூபாய்கள். பெரும்பாலும் விக்டோரியா தலை, ஒன்றில் மட்டும் 1940 என்று இருக்கிறது. "அத்தைக்குத் தெரியறதுக்குள்ள வித்துடலாம், தெரிஞ்ச கடைதான், பில் வேண்டாம்" என்கிறார் சித்தப்பா. இது புதையல் கணக்கில் வருமா?

பதில்: நீங்கள் அரசாங்கத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். முதலில் பயப்பட வேண்டியது சித்தப்பாவின் யோசனைக்கு.

பெட்டியில் இருந்த நகை புதையல் அல்ல, அப்பத்தாவின் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத பெண்ணின் சொத்து, கணவரும் உயிரோடு இல்லையென்றால், அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். சித்தப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அத்தைக்கு மூன்றில் ஒன்று, உங்கள் அப்பாவின் பங்கு உங்களுக்கும் தங்கைக்கும். அப்பா முன்பே இறந்துவிட்டதால் உங்கள் அம்மாவுக்கு இதில் பங்கு கிடையாது. கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். 'கல்யாணத்துக்கே சீர் செய்தாயிற்று' என்று சொல்லி அத்தையை விலக்கவும் முடியாது.

அவருக்குத் தெரியாமல் விற்றால் அது வெறும் குடும்பச் சண்டையோடு நிற்காது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு: இருவருக்குப் பொதுவான குதிரையை ஒருவர் ஓட்டிப் போனால் குற்றமில்லை, விற்று முழுப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டால் குற்றம். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. பில் இல்லாமல் வாங்கும் கடைக்காரர் விலையைக் குறைப்பார் என்பது தனி. நாளை போலீஸ் கேட்டால் உங்களை முதலில் கைகாட்டுவதும் அவராகத்தான் இருக்கும்.

செம்பு விஷயம் வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணில் புதைந்ததை மட்டும் சொல்லவில்லை. மண்ணோடு பொருந்தி நிற்கும் எதில் ஒளித்திருந்தாலும் அது புதையல்தான், சுவர் அதில் வந்துவிடும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!) பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாகப் பிணை கொடுக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர் பங்கு அரசுக்குப் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மறைக்கத் துணைபோகும் இடத்துக்காரரின் பங்கும் அரசுக்குப் போய்விடும், அவருக்கு ஆறு மாதம் வரை சிறை. இடித்தது வெளியாள், பார்த்துவிட்டார். இது வெளியே தெரியாது என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்களுக்குச் சாதகமானது அந்த 1940 காசு. அது உள்ளே கிடக்கிறது என்றால் செம்பு அதற்குப் பிறகுதான் சுவருக்குள் போயிருக்கிறது, அதாவது நூறு வருடம் ஆகவில்லை. நூறு வருடத்துக்குள் எங்கள் வீட்டுப் பெரியவர் ஒளித்தது, நாங்கள் அவருடைய வாரிசுகள் என்று நீங்கள் கோரினால், சிவில் கோர்ட்டில் அதை நிரூபிக்கக் கலெக்டர் அவகாசம் தருவார். வீட்டுப் பட்டா, வாரிசுச் சான்று, பழைய வரி ரசீது எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். ஒளித்தது தாத்தா என்று தெரிந்தால் அம்மாவுக்கும் ஒரு பங்கு வரும். யாரும் நிரூபிக்காமல் உரிமையாளர் இல்லாத புதையல் என்று ஆகிவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. கண்டெடுத்தவர் யார்? உங்கள் கொத்தனார்!

கலெக்டர் விஷயம் முடியும்வரை காசுகளைத் தேய்க்கவோ உருக்கவோ கூடாது. விக்டோரியா காசுகள் நூறு வருடம் கடந்தவை, எனவே தொல்பொருள் கணக்கில் வரும். வெளிநாட்டுக்காரர் நல்ல விலைக்குக் கேட்டாலும் அனுப்பக் கூடாது, குற்றம்.

நகையை விற்க முதலில் ஒரு பட்டியல் போட்டு, எடை குறித்து, படம் எடுத்து, அத்தை உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். அசையும் சொத்து என்பதால் பதிவு கட்டாயமில்லை. அப்புறம் பில்லோடு விற்கலாம். 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் வேண்டும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. வாரிசாக வந்ததற்கு வரி இல்லை, விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் உண்டு. 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை அசல் விலையாகக் காட்டலாம். அதற்கு நகை மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வையுங்கள்.

கடைசியாக அந்த 46 தாள்கள். 2017-ம் ஆண்டுச் சட்டப்படி செல்லாத நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதே தவறு. அபராதம் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது வரை போகலாம். உங்கள் தாள்களின் முகமதிப்பு 23,000, ஐந்து மடங்கு என்றால் 1,15,000. கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், கைமாற்றுவதும் அதே தவறுதான். இதை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் சொல்லி, எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள்.