சுண்ணாம்பு கூடினாலும் ஈயம் கசியும்: எரியுலைச் சாம்பல் கேள்வி-பதில்

செம்பனை ஆலையின் கொதிகலன் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடுகிறோம். குப்பை எரியுலைச் சாம்பலையும் போடலாமா? (சுங்கை சிப்புட் வாசகர்)

வேண்டவே வேண்டாம். ஆலையில் எரிவது நாரும் ஓடும். அந்தச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். குப்பைச் சாம்பலிலோ பேட்டரி, பெயின்ட், பிளாஸ்டிக் வழியாக வந்த ஈயமும் காட்மியமும் இருக்கும். இரண்டும் நச்சு உலோகங்கள். நம் தோட்டப்புற மண் பெரும்பாலும் பிஎச் (புளிப்பு-கார அளவு) 4, 5 என்ற அளவில் புளித்த மண். சாம்பலின் காரம் மழையில் கரைந்ததும் காட்மியம் வேர் வழியே இலைக்கு ஏறும். கீரையை எத்தனை முறை அலசினாலும் போகாது.

எரியுலைப் புகையோடு போகும் பறக்கும் சாம்பலைப் பிடித்துச் சிமெண்டில் கட்டியாக்கினோம். கல்லாக இறுகியும் சோதனையில் ஈயம் கூடுதலாக வந்தது. சுண்ணாம்பு சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். டிசிஎல்பி என்ற, நச்சு கசிகிறதா என்று பார்க்கும் சோதனையில் கட்டியை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைத்து, எடையைப்போல் 20 மடங்கு அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். அங்கே இறுக்கம் உதவாது.

புகையைச் சுத்தப்படுத்தத் தெளித்த சுண்ணாம்பே பிஎச்சை 12-க்கு மேல் ஏற்றியிருக்கும். ஈயம் புளிப்பிலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். 9, 10 வாக்கில்தான் அடங்கும். முதலில் 10 கிராம் சாம்பலை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலக்கி மீட்டரில் பாருங்கள்.

12-ஐத் தாண்டினால் பாஸ்பாரிக் ஆசிட் நல்ல வழி. பாஸ்பேட்டும் சாம்பலிலுள்ள குளோரைடும் ஈயத்தைப் பிடித்து, எளிதில் கரையாத உப்பாக்கிவிடும். நூறு கிராம் மாதிரிகளில் 1, 3, 5 சதவீதம் எனத் தனித்தனியே போட்டு, சோதனையில் தேறும் குறைந்த அளவை எடுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில் சிறுகச் சிறுக ஊற்றி நீர்க்கச் செய்த பிறகே சாம்பலில் சேர்க்க வேண்டும். கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி கட்டாயம். அளவு மிஞ்சி பிஎச் 8-க்குக் கீழே இறங்கினால் காட்மியம் வெளியேறத் தொடங்கும். அதனால் இரண்டு உலோகத்தையும் சேர்த்தே சோதிக்கக் கொடுங்கள்.

சிமெண்டு இறுகத் தாமதமானால் ஈயமும் துத்தநாகமும்தான் காரணம். சாம்பலை முன்கூட்டியே தண்ணீரில் கழுவினால் குளோரைடு உப்பு இறங்கும். கழுவிய நீரில் உலோகமும் வரும், கால்வாயில் விடக்கூடாது.

உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலில் செய்த கற்கள் உப்பி வெடிக்கின்றன. ஏன்?

அதிலுள்ள அலுமினியத் துண்டுகள் காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்புகின்றன. உலோகத்தைப் பிரித்தெடுத்து, கூரையின் கீழ் ஈரப்பதத்தோடு இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டபின் பயன்படுத்துங்கள். பறக்கும் சாம்பலை மட்டும் இதில் கலக்கவே கூடாது.

பறக்கும் சாம்பல் மூட்டைகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிகளின்படி 180 நாள். 20 டன்னைத் தாண்டக்கூடாது.