குரூப்புக்குக் கொடுத்த நிறம் எழுத்துக்கு ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எஸ்விஜியில் (படத்தை டேகுகளால் எழுதும் வடிவம்) பார் சார்ட் ஒன்று வரைந்தேன். லேபிள்களை ஒரே குரூப்பில் போட்டு, அதன் ஜி டேகில் (குரூப்பைக் குறிக்கும் டேக்) ஃபான்ட்-சைஸ் 18, ஃபில் (உள்நிறம்) சிவப்பு என்று கொடுத்தேன். ஃபைலைத் தனியாகத் திறந்தால் சரியாக இருக்கிறது. அந்த எஸ்விஜி நிரலை வலைப்பக்கத்தில் ஒட்டினால் எழுத்து சிறுத்துக் கறுப்பாகிவிடுகிறது. இம்பார்ட்டன்ட் (மற்ற ரூல்களை மீறச் சொல்லும் குறி) போட்டும் பயனில்லை.

பதில்: உங்கள் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை முடிவுசெய்யும் ரூல்கள்), எழுத்தைத் தாங்கும் டெக்ஸ்ட் டேகுக்கென்று ஒரு ரூல் இருக்கிறதா, தேடிப் பாருங்கள். அநேகமாக இருக்கும்.

ஃபில், ஃபான்ட்-சைஸ், டெக்ஸ்ட்-ஆங்கர் (எழுத்தின் சீரமைப்பு) எல்லாம் குரூப்பிலிருந்து உள்ளே இறங்கும், உண்மைதான். ஆனால் உள்ளிருக்கும் டேகுக்கென்று எந்த ரூலும் இல்லாதபோதுதான் இறங்கும். பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் 'டெக்ஸ்ட்: 12 பிக்சல், கறுப்பு' என்று இருந்தால் போதும், குரூப் சொல்வது எடுபடாது. இம்பார்ட்டன்ட் போட்டாலும் அது ஜி டேகோடு நின்றுவிடும். மதிப்புதான் கீழே இறங்குமே தவிர, அதன் வலிமை இறங்காது. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது.

சரி, ஃபில்லை நேராக டெக்ஸ்ட் டேகிலேயே அட்ரிபியூட்டாக (டேகுக்குள் எழுதும் பண்பாக) எழுதினால்? அதுவும் தோற்கும். சிஎஸ்எஸ் கணக்கில் அந்த அட்ரிபியூட்டுக்கு எடை பூஜ்யம். எல்லா டேகுக்கும் பொருந்தும் வெறும் நட்சத்திரக் குறி ரூல்கூட அதை அடித்துவிடும். குரூப்புக்கு ஒரு கிளாஸ் பெயர் வைத்து, 'அந்த கிளாஸுக்குள் இருக்கும் டெக்ஸ்ட்' என்று சிஎஸ்எஸ்ஸில் ரூல் எழுதுங்கள். என் பழக்கம் அதுதான். சந்தேகம் இருந்தால் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, திறக்கும் டெவலப்பர் கருவியில் ஒரு லேபிளைத் தேர்ந்தெடுங்கள்: ஜி-யிலிருந்து வந்த 18-க்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கும், மேலே 12 உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், அச்சுக் கோடுகளையும் இதே குரூப்பில் வைத்து ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுத்துவிடாதீர்கள். ஸ்ட்ரோக்கும் இறங்கும், எழுத்தின் விளிம்பிலும் கோடு ஏறி 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். லேபிள்களைத் தனி குரூப்பாக்குங்கள், அல்லது டெக்ஸ்டுக்கு ஸ்ட்ரோக் நன் கொடுங்கள்.

குரூப்புக்குக் கொடுக்கும் ஒபாசிட்டி (மங்கல் அளவு) இறங்காது. குரூப் மொத்தமும் ஒரே படமாக மங்கும், அதனால் ஒரு லேபிளுக்கு மட்டும் 1 கொடுத்து மீட்க முடியாது. எழுத்து மட்டும் மங்க வேண்டுமென்றால் ஃபில்-ஒபாசிட்டி. எக்ஸ், ஒய் மதிப்புகளை ஜி டேகில் எழுதினால் எதுவும் நகராது. நகர்த்தும் கட்டளையான டிரான்ஸ்லேட்தான் வேலை செய்யும்.

குரூப்புக்குள் குரூப் வைத்து இரண்டிலும் ஃபான்ட்-சைஸ் 1.5 எம் (மேலிருக்கும் எழுத்தளவின் 1.5 மடங்கு) என்று எழுதினால், 16 பிக்சல் 24 ஆகி, உள்ளே 36 ஆகிவிடும். சார்ட்டுக்குப் பிக்சலே நிம்மதி.