டிரைவிங் லைசென்ஸ் தேர்வில் எது முதலில், எது பிறகு? எட்டு போடும்போது ஏன் பலரும் கால் ஊன்றுகிறார்கள்?

தமிழ்நாட்டு ஆர்டிஓ நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம். பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, போக்குவரத்து விதிகள், சின்னங்கள் பற்றிய கணினித் தேர்வில் 60 சதவீதம் எடுத்தால் போதும். 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவரிடம் வாங்கிய படிவம் 1ஏ வேண்டும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வு. கடைசி வாரம் வரை இழுத்தடிக்காதீர்கள். தோற்றால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும், அதற்குள் எல்எல்ஆர் காலாவதியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தேர்வு நாளில் வண்டி ஓட்டுவதற்கு முன்பே திரும்பி வருகிறவர்கள் உண்டு. கியர் வண்டிக்கு எல்எல்ஆர் எடுத்துவிட்டு ஸ்கூட்டியில் போய் நிற்பார்கள். அல்லது கொண்டுபோன வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்திருக்கும். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். எல் போர்டு 18 செ.மீ. சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து. முன்னும் பின்னும் இருக்க வேண்டும்.

பைக்கில் ஹெல்மெட் மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, கண்ணாடியைச் சரிபார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வலது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் இதையும் கவனிப்பார். சிலர் கை சைகையும் கேட்பார்கள்.

இனி எட்டு, அதாவது 8 வடிவப் பாதையில் கால் ஊன்றாமல் பைக் ஓட்டுவது. கால் ஊன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் கிளட்ச்தான். வளைவில் பயந்துபோய் அதை முழுசாகப் பிடித்தால் சக்கரத்துக்கு இழுவை போகாது. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் வண்டி உள்பக்கமாக விழப் பார்க்கும், கால் தானாக இறங்கிவிடும். கிளட்சைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்சில் வைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கில் மட்டும் லேசாக அடக்குங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே சாய்ந்துவிடும். 100, 125 சிசி வண்டிகள் முதல் கியரில் வெட்டி வெட்டி இழுக்கும். அவற்றுக்கு இரண்டாவது கியர்தான் நல்லது என்பேன். பார்வை முன் டயரில் இருக்கவே கூடாது. ஒரு வளையத்தில் பாதி வரும்போதே கண் நடுப்பகுதிக்குப் போய்விட வேண்டும். கண் போன பக்கம் ஹேண்டில் தானாகப் போகும்.

காரில் முதலில் சீட், அப்புறம் கண்ணாடி. மாற்றிச் செய்தால் சீட்டை நகர்த்தியதும் கண்ணாடிக் கோணம் கெட்டுவிடும். கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் சீட் சரி. பிறகு சீட் பெல்ட், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, நியூட்ரலா என்று பார்த்து ஸ்டார்ட். முதல் கியர், இண்டிகேட்டர், பின்னால் ஒரு பார்வை, கடைசியாக ஹேண்ட் பிரேக்கை எடுப்பது. மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னால், கிளட்சை விட விட எஞ்சின் சத்தம் கனத்துத் தணியும் இடம் வரும். அதற்குப் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், வண்டி பின்னால் உருளாது.

நிறுத்தும்போது நிறைய பேர் முதலில் கிளட்சை மிதிக்கிறார்கள். எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி சும்மா உருண்டு போகும். பிரேக்கை மிதித்து வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, எஞ்சின் திணறுவதற்குச் சற்று முன் கிளட்ச், அவ்வளவுதான். ரிவர்ஸில் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள். வேகம் கிளட்சிலேயே இருக்கட்டும், ஆக்ஸிலேட்டர் தேவைப்படாது.

தேறினால் லைசென்ஸ் தபாலில் வரும். மூன்று முறை தோற்றவர் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும்.